பள்ளி இடைவேளை எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொடக்கப்பள்ளியின் கால அட்டவணையில் இரண்டு பாடவேளைகளுக்கு நடுவே 'இடைவேளை' என்று எழுதப்பட்டிருக்கும் அந்தச் சிறு கட்டத்தைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. மழலையர் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான குழந்தைகளை மனத்தில் கொண்டு எழுதியது இது. இடைவேளையின் நன்மைகளைப் பலரும் அறிவார்கள். அந்த நன்மை எந்தக் குழந்தைகளுக்குப் போய்ச் சேராமல் நின்றுவிடுகிறது என்பதை அறிந்தவர்கள் குறைவு. ஆகவே அதற்கே அதிக இடம் தந்திருக்கிறோம்.

உடற்கல்விப் பாடவேளை இருக்கும்போது தனியாக இடைவேளை எதற்கு?

உடற்கல்வி ஒரு பாடம். அங்கே ஆசிரியர் சொல்வார், குழந்தை செய்யும். வரிசை உண்டு, விசில் உண்டு, கற்க வேண்டிய திறன் உண்டு. இடைவேளையில் என்ன செய்வது என்பதைக் குழந்தையே தீர்மானிக்கிறது. ஓடலாம், தோழியோடு உட்கார்ந்து பேசலாம், எறும்பு வரிசை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். அந்த 'ஒன்றும் செய்யாமல் இருப்பது' வீண் என்று நினைப்பவர்கள், நான்கு மணி நேரம் தொடர்ந்து கூட்டங்களில் உட்கார்ந்த நாளன்று தம் மனநிலை எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பார்க்கலாம். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் அமைப்பான 'அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ்' 2013-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையும் இதையே சொல்கிறது: இடைவேளை உடற்கல்விக்குத் துணையாக இருக்கலாம், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது.

விளையாடிவிட்டு வரும் குழந்தைகள் வகுப்பில் இன்னும் அதிகமாக ஆட்டம் போடுவார்களே?

உள்ளே வந்த முதல் சில நிமிடங்களை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வியர்வையும் மூச்சிரைப்பும் அடங்காத ஒரு வகுப்பைப் பார்த்து எந்த ஆசிரியருக்கும் அலுப்பு வருவது இயற்கை. ஆனால் அதற்குப் பிந்தைய நேரத்தையும் சேர்த்துக் கவனித்தவர்கள் வேறு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ஆந்தனி பெல்லெக்ரினி என்னும் கல்வி உளவியலாளர் 1990-களில் தொடக்கப்பள்ளிகளில் நடத்திய ஆய்வுகளில், இடைவேளையைத் தள்ளிப்போடத் தள்ளிப்போடக் குழந்தைகளின் கவனம் சிதறுவதும், இடைவேளை முடிந்து வந்தபின் அது மீள்வதும் தெரியவந்தன.

2009-இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வெளியான மற்றோர் ஆய்வு, 8, 9 வயதுள்ள சுமார் 11,000 அமெரிக்கக் குழந்தைகளின் தகவல்களை ஒப்பிட்டது. நாளொன்றுக்கு 15 நிமிடத்துக்கு மேற்பட்ட இடைவேளை ஒன்றாவது கிடைத்த குழந்தைகளின் வகுப்பறை நடத்தையை அவர்களுடைய ஆசிரியர்கள் மேலானதாக மதிப்பிட்டிருந்தனர். இடைவேளைதான் காரணம் என்று அந்த ஒப்பீட்டை மட்டும் வைத்து அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. ஒழுங்கான வகுப்புகளுக்குப் பள்ளிகள் தாராளமாக நேரம் கொடுத்திருக்கவும் கூடும். ஆயினும் இரண்டு ஆய்வுகளும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. இடைவேளை விட்டதால் பிள்ளைகள் கெட்டார்கள் என்ற அச்சத்துக்கு இவற்றில் இடமில்லை.

உடல்நலத்துக்கு இதனால் உண்மையில் எவ்வளவு பயன்?

5 முதல் 17 வயது வரையிலானோர் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த வழிகாட்டல். பள்ளி முடிந்து வீடு திரும்பும் குழந்தைக்குத் திறந்த வெளியும் துணையும் நேரமும் ஒருசேர அமைவது அரிது என்பதால், இந்த 60 நிமிடத்தில் ஒரு பங்கைப் பள்ளிதான் தந்தாக வேண்டும்.

அதிகம் பேசப்படாத இன்னொரு பயன் கண்ணுக்கு. தைவானில் இரண்டு தொடக்கப்பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஓராண்டு நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. ஒரு பள்ளியில் இடைவேளை தோறும் குழந்தைகள் அனைவரையும் வகுப்பறையை விட்டு வெளியே போகச் சொன்னார்கள். மற்றதில் வழக்கம்போல் விட்டுவிட்டார்கள். புதிதாகக் கிட்டப்பார்வை வந்த குழந்தைகள் முதல் பள்ளியில் 8.41 விழுக்காடு, இரண்டாவதில் 17.65 விழுக்காடு. அவர்கள் எந்தச் சிறப்புப் பயிற்சியும் தரவில்லை, கருவியும் வாங்கவில்லை. கதவைத் திறந்து குழந்தைகளை வெளிச்சத்துக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

நட்பு, பழகும் முறை இவையெல்லாம் வகுப்பறையிலேயே வராதா?

ஓரளவுக்கு வரும். ஆனால் ஆறு வயதுக் குழந்தைகள் ஐந்து பேர் ஓடிப்பிடித்து விளையாடத் தொடங்கும் முன் நடக்கும் பேச்சை ஒருநாள் தள்ளி நின்று கேட்டுப் பாருங்கள். யார் முதலில் பிடிப்பது, மரத்தைத் தொட்டால் தப்பித்ததாகக் கணக்கா, புதிதாக வந்தவளைச் சேர்த்துக்கொள்வதா, சேர்த்தால் எந்தப் பக்கம் என்று விளையாடும் நேரத்தில் பாதியைப் பேசியே கழிப்பார்கள். ஒருத்தி கோபித்துக்கொண்டு போவாள், இரண்டு நிமிடத்தில் திரும்பி வருவாள், அவளுக்காக ஒரு விதி மாறும். பெரியவர் ஒருவர் நடுவராக நின்றிருந்தால் இந்தப் பேரம் நிகழவே நிகழாது. விட்டுக்கொடுப்பது, தன் பக்க நியாயத்தை எடுத்துச் சொல்வது, தோற்றுவிட்டு மறுபடியும் ஆட வருவது ஆகியவற்றைக் குழந்தைகள் இப்படித்தான் பழகிக்கொள்கிறார்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் இருக்க வேண்டும்?

உலகம் முழுமைக்கும் பொதுவான அளவு எதுவும் இல்லை. பின்லாந்துப் பள்ளிகளில் 45 நிமிடப் பாடத்துக்குப் பின் 15 நிமிட இடைவேளை என்பது நெடுநாள் வழக்கம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தொடக்கப்பள்ளிகளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 20 நிமிடம் என்று பரிந்துரைக்கிறது. கலிஃபோர்னியா மாநிலம் 2023-இல் இயற்றிய சட்டம், முழுநேரப் பள்ளி நாளில் 30 நிமிடமாவது தரவேண்டும் என்கிறது. இங்கிலாந்திலோ காற்று எதிர்த்திசையில் அடித்திருக்கிறது: 5 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்கு 1995-இல் இருந்ததைவிட வாரத்துக்குச் சுமார் 45 நிமிடம் குறைந்துவிட்டது என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2019-இல் தெரிவித்தார்கள்.

அட்டவணையில் உள்ள நிமிடத்தை விட, குழந்தையின் கைக்கு வந்து சேரும் நிமிடத்தை எண்ணுவதே முக்கியம். 15 நிமிட இடைவேளையை எடுத்துக்கொள்வோம். பாடத்தை முடிக்காத ஆசிரியர் மணி அடித்தபிறகும் 2 நிமிடம் எடுத்துக்கொள்கிறார். வரிசையில் நின்று மாடியிலிருந்து இறங்க 2 நிமிடம். கழிப்பறை வாசலில் 5 நிமிடம். குழாயில் தண்ணீர் பிடித்துக் குடிக்க 1 நிமிடம். கொண்டுவந்த தின்பண்டத்தை நின்றுகொண்டே விழுங்க 3 நிமிடம். மிஞ்சுவது 2 நிமிடம். அதுவும் படியேறித் திரும்ப வேண்டும். இந்தக் குழந்தைக்கு இடைவேளை கிடைத்தது என்று பதிவேடு சொல்லும், குழந்தையைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும்.

மணி அடித்தால் எல்லோரும்தானே வெளியே போகிறார்கள்? இதில் சமமின்மை எங்கே வந்தது?

முதலாவது, பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையே. மேலே சொன்ன 2009 ஆய்வில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு இடைவேளையே இல்லை, அல்லது பெயரளவுக்கே இருந்தது. வறிய குடும்பத்துக் குழந்தைகளும் கறுப்பினக் குழந்தைகளும் பெருநகரங்களில் படிப்பவர்களும் அவர்களுக்குள் கூடுதலாக இருந்தார்கள். வீட்டைச் சுற்றி விளையாட இடமில்லாத குழந்தைக்குப் பள்ளியிலும் இடமில்லாமல் போகிறது. தேர்வு முடிவுகளில் பின்தங்கிய பள்ளி, கூடுதல் பாடத்துக்கு நேரம் தேடும்போது முதலில் கைவைப்பது இடைவேளையில்தான். மொழிப்பாட நேரத்தைக் கேட்டால் மொழியாசிரியர் வாதாடுவார். இடைவேளைக்காக வாதாட ஆசிரியர் எவரும் இல்லை.

இரண்டாவது, ஒரே பள்ளிக்குள், ஒரே வகுப்புக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு. இதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் அட்டவணை அனைவருக்கும் ஒன்றுதான். எழுதி முடிக்காதவன், பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டவள், எழுத்துக்கூட்டத் தடுமாறுவதால் தனிப்பயிற்சிக்கு அழைக்கப்படுபவன், சக்கர நாற்காலியில் வந்து படிக்கட்டின் தலையில் நிறுத்தப்படுபவள் என்று நாள்தோறும் வெளியே போகாமல் நிற்கும் குழந்தைகளின் பெயர்களை ஒரு மாதம் குறித்துவைத்துப் பாருங்கள். பெயர்கள் மாறி மாறி வருவது அபூர்வம். அதே நான்கைந்து பேர்தான் வருவார்கள்.

ஐ.நா. குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கை 1989-இல் ஏற்கப்பட்டது. அதன் 31-ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. நன்றாகப் படிக்கும் குழந்தையின் உரிமை என்றோ சொன்னபடி கேட்கும் குழந்தையின் உரிமை என்றோ அதில் எழுதப்படவில்லை.

வீட்டுப்பாடம் முடிக்காத குழந்தையை அந்த நேரத்தில் உட்காரவைத்து எழுதச் சொல்வதில் என்ன தவறு?

ஆசிரியரின் பக்கமும் நியாயம் உண்டு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பாடத்தை முடிக்கும் பொறுப்பு அவருடையது. தனியாகக் கவனிக்க வேறு நேரமும் அவருக்குத் தரப்படுவதில்லை. எனினும் இந்த வழக்கம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைப் பார்ப்போம்.

கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் எப்போதும் கடைசியாக முடிக்கும் ஒரு குழந்தை இருக்கிறது. மணி அடித்ததும் மற்றவர்கள் எழுந்து ஓட, அது மட்டும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறது. சன்னலுக்கு வெளியே சத்தம் கேட்கும்போது கை நின்றுவிடும். நான்கு வரி எழுதியிருக்கும், அதில் இரண்டு பிழை. அடுத்த பாடவேளை தொடங்கும்போது மற்றவர்கள் புத்துணர்ச்சியோடு அமர்கிறார்கள், இந்தக் குழந்தையோ காலையிலிருந்து எழுந்திராத களைப்போடு தொடங்குகிறது. அதனால் இதிலும் பின்தங்குகிறது. மறுநாளும் இடைவேளை போகிறது. மெதுவாக எழுதுவதற்கு ஒருவேளை கண் சரியாகத் தெரியாததே காரணமாக இருக்கலாம். விரல்களின் வலு, எழுத்துகளைப் பிரித்தறிவதில் உள்ள சிக்கல், வீட்டுச் சூழல் என்று வேறு எதுவாகவும் இருக்கலாம். இவற்றில் எதுவும் இடைவேளையைப் பிடுங்குவதால் தீர்வதில்லை.

மேலே சொன்ன 2013 கொள்கை அறிக்கை, தண்டனைக்காகவோ படிப்புக்காகவோ இடைவேளையை மறுக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே கூறுகிறது. அந்தக் குழந்தைக்கு எழுத வேண்டிய அளவைக் குறைப்பது, பாதி எழுதப்பட்ட தாளைத் தந்து மீதியை நிரப்பச் சொல்வது, முன்வரிசையில் உட்காரவைப்பது, கண் பரிசோதனைக்குப் பெற்றோரிடம் சொல்வது ஆகிய நான்கில் ஒன்று பெரும்பாலும் பலன் தரும்.

பிறரை அடித்த குழந்தையை வெளியே விடலாமா?

பிறருக்கு உடனடி ஆபத்து இருந்தால் அந்த நேரத்துக்குத் தடுக்கலாம்; கலிஃபோர்னியச் சட்டமும் இந்த ஒரு விலக்கை அளிக்கிறது. ஆனால் காலையில் பேசியதற்குப் பிற்பகலிலும், திங்களன்று செய்ததற்கு வெள்ளி வரையிலும் இடைவேளையை நிறுத்தினால், ஏழு வயதுக் குழந்தைக்கு எதற்குத் தண்டனை என்பதே மறந்துபோயிருக்கும். ஓர் இடத்தில் உட்கார முடியாமல் துறுதுறுவென்று இருந்ததற்காக ஒரு குழந்தையை மேலும் அரைமணி நேரம் உட்காரவைப்பது, தாகம் என்றவனுக்குத் தண்ணீர்க் குடத்தை மூடிவைப்பது போன்றது. அவனை ஓர் ஆசிரியரின் அருகிலேயே, ஆனால் வெளியில், நடமாட விடலாம்.

மாற்றுத்திறன் குழந்தைகளைப் பாதுகாப்பு கருதி வகுப்பிலேயே வைத்திருப்பது சரிதானே?

சரியல்ல. ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை 2006-இல் ஏற்கப்பட்டது. பள்ளியிலும் வெளியிலும் விளையாட்டில் மற்றக் குழந்தைகளோடு சமமாகப் பங்கேற்க இவர்களுக்கு வழிசெய்ய வேண்டும் என்று அதன் 30-ஆம் பிரிவு அரசுகளிடம் கோருகிறது.

நடைமுறையில் தடையாக நிற்பது பெரும்பாலும் இரண்டு படிக்கட்டும் ஒரு மண்மேடும்தான். ஒரு சாய்தளம், சக்கரம் புதையாத அளவுக்கு இறுகிய ஒரு பாதை, நிழலில் அமர்ந்து ஆடக்கூடிய ஒரு மேசை ஆகியவை இருந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி விளையாட்டின் விதியில் இருக்கிறது. பார்வைக் குறைபாடுள்ள குழந்தைக்காகப் பந்துக்குள் சலங்கை கட்டுவதையும், மெதுவாக நகரும் குழந்தை பிடிக்கும்போது மற்றவர்கள் ஒற்றைக்காலில் ஓடுவதையும் ஒருமுறை சொல்லிக்கொடுத்தால், அடுத்த முறை குழந்தைகள் தாங்களே புதிய விதிகளைக் கண்டுபிடிப்பார்கள். இரைச்சல் தாங்காத குழந்தைகளுக்கு அமைதியான ஒரு மூலையை ஒதுக்கித் தருவதும் அவசியம். ஆனால் வேண்டும்போது அங்கிருந்து எழுந்துவந்து மற்றவர்களோடு சேரும் வழி அடைபட்டிருக்கக் கூடாது. உதவியாளர் கூடவே ஒட்டிக்கொண்டு நின்றால் மற்றக் குழந்தைகள் நெருங்க மாட்டார்கள் என்பதால், அவர் பத்தடி தள்ளி நிற்பது நல்லது.

பெண் குழந்தைகள் சுவரோரமாகவே நிற்கிறார்கள். அது அவர்களின் விருப்பம் இல்லையா?

சிலருக்கு விருப்பமாக இருக்கலாம். ஆனால் மைதானத்தின் நடுப்பகுதி முழுவதையும் ஒரே ஒரு பந்தாட்டம் எடுத்துக்கொண்டால் மற்றவர்களுக்குச் சுவரோரம்தான் மிஞ்சும். ஆடத் தெரியாத ஆண் குழந்தைகளும் சின்ன வகுப்புகளும் அங்கேதான் ஒதுங்குகிறார்கள். சுண்ணாம்புக் கோட்டால் மைதானத்தை மூன்றாகப் பிரித்து, பந்தாட்டத்துக்கு ஒரு பகுதியை மட்டும் தந்து, பெரிய வகுப்புகளையும் சிறிய வகுப்புகளையும் வெவ்வேறு நேரத்தில் அனுப்பிப் பார்த்த பிறகும் சுவரோரமே நின்றால், அப்போது அதை விருப்பம் என்று சொல்லலாம். கழிப்பறைகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். பெண் குழந்தைகளின் வரிசை இருமடங்கு நீளமாக இருந்தால் அவர்களுடைய இடைவேளை அங்கேயே முடிந்துவிடுகிறது.

என் மகன் இடைவேளையில் தனியாகவே இருக்கிறானாம். கவலைப்பட வேண்டுமா?

தனிமையை விரும்பி இருக்கிறானா, சேர்த்துக்கொள்ளாததால் இருக்கிறானா என்பதைப் பொறுத்தது. அவன் கண் எங்கே போகிறது என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். கையிலுள்ள கூழாங்கல்லிலேயே ஆழ்ந்திருந்தால் விட்டுவிடலாம். விளையாடுபவர்களையே பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்கு ஓர் அழைப்பு தேவைப்படுகிறது. "எல்லோரும் இவனோடு விளையாடுங்கள்" என்று ஆசிரியர் வகுப்பில் அறிவிப்பது அவனைக் கூச வைக்கும். ஒரே ஒரு குழந்தையோடு சேர்த்து அவனுக்கு ஒரு சிறு வேலை கொடுப்பது, எடுத்துக்காட்டாகக் கயிறுகளை எடுத்து வரச் சொல்வது, நல்ல தொடக்கமாக அமையும்.

பள்ளியில் மைதானமே இல்லை. மழைநாளில் வெளியே போகவும் முடியாது. அப்போது?

நடைவழி, மொட்டைமாடி, மேசைகளை ஓரம் தள்ளிய வகுப்பறை எதுவானாலும் சரி. இடம் சிறியதாக இருந்தால் வகுப்புகளை முறைவைத்து அனுப்ப வேண்டும். மழைநாள் இடைவேளை என்பது திரையில் படம் போட்டு எல்லோரையும் வாய்மூடி உட்காரவைப்பதாக ஆகிவிடக் கூடாது. பேசவும் எழுந்து நடக்கவும் அனுமதி இருந்தால்தான் அது இடைவேளை.

விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு?

மேற்பார்வை இருக்க வேண்டியது பள்ளியின் கடமை. உடைந்த கம்பி, மூடாத குழி, வாகனம் நுழையும் வாசல் ஆகியவற்றைச் சரிசெய்யாமல் குழந்தைகளை விடக் கூடாது. ஆனால் முழங்கால் சிராய்ப்புக்குப் பயந்து ஓடுவதையே தடைசெய்யும் பள்ளிகள், சிறிய ஆபத்தைத் தவிர்க்கப் பெரிய இழப்பை ஏற்கின்றன. முதலுதவிப் பெட்டி வெளியே கொண்டுவரப்படுகிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் அது அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது.

சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

முடிந்தால் முன்பு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 7 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. உணவுக்கு முன் விளையாட விட்டபோது குழந்தைகள் காய்கனிகளை உண்ட அளவு 54 விழுக்காடு கூடியது. விளையாடப் போகும் அவசரத்தில் தட்டைப் பாதியில் மூடிவிட்டு ஓடும் குழந்தையைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. கை கழுவும் நேரத்தைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

என் குழந்தைக்கு இடைவேளை கிடைக்கிறதா என்பதை எப்படி அறிவது? பள்ளியில் எப்படிக் கேட்பது?

"இன்று விளையாடினாயா?" என்று கேட்டால் "ம்" என்பதோடு முடிந்துவிடும். "மணி அடித்ததும் முதலில் எங்கே போனாய்? அப்புறம்? யார் பக்கத்தில் இருந்தார்கள்?" என்று கேளுங்கள். "வரிசையில் நின்னேன், தண்ணி குடிச்சேன், மணி அடிச்சிட்டாங்க" என்று சொல்லும் ஆறு வயதுக் குழந்தை, ஆய்வறிக்கை சொல்லாததைச் சொல்லிவிடுகிறது. இரண்டு வாரம் இதே பதில் வந்தால் தேதியோடு குறித்துவைத்துக்கொண்டு வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள்.

சந்திக்கும்போது ஒன்றை நினைவில் வைத்தால் பேச்சு எளிதாகும்: குழந்தைகளின் இடைவேளையை மேற்பார்வையிடும் ஆசிரியருக்கு அந்நேரத்தில் ஒரு வாய் தேநீர் குடிக்கவும் ஓய்வில்லை. எனவே குறைப்பட்டியலோடு போகாமல், செய்யக்கூடிய ஒரே ஒரு மாற்றத்தைக் கேளுங்கள். கழிப்பறைக்கு இரண்டு வகுப்புகளை ஐந்து நிமிடம் முன்பின்னாக அனுப்ப முடியுமா என்று கேட்கலாம். எழுதி முடிக்காத குழந்தைகள் மீதியை மறுநாள் முதல் பாடவேளையில் முடித்தால் போதுமா என்று கேட்கலாம். பெற்றோர் இருவர் முறைவைத்து மேற்பார்வைக்கு வந்து நின்றால் பள்ளி ஏற்குமா என்று கேட்கலாம். அப்படிக் கேட்பவர் முதல் வாரத்துக்குத் தம் பெயரையே எழுதிக்கொடுத்துவிட்டு வருவது நல்லது.